குள்ளர்கள் எப்படியும் சாவார்கள், நீங்கள் கோட்டையைத் தோண்டுங்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பேரேடு இருக்கிறது. கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு எழுதாமல் மிச்சமாகிப்போன தடித்த சிவப்பு அட்டை நோட்டு. அதில் இப்போது நான் எழுதி வைப்பது இப்படி:

கோட்டை 1: தண்ணீர்.
கோட்டை 2: பசி.
கோட்டை 3: தண்ணீர் (மறுபடியும்).
கோட்டை 4: லீவர்.
கோட்டை 7: சிப்பி.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் என் கோட்டைகள் எதனால் விழுந்தன என்ற பட்டியல் இது. அதை விளையாடுகிறவர்கள் இதைப் பார்த்ததுமே சிரித்துவிடுவார்கள். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் திருச்சியில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். வயது 46. வீடியோ கேம் என்றால் அண்ணன் மகன் கத்திக்கொண்டே துப்பாக்கி சுடுவது என்றுதான் நினைத்திருந்தேன். 2020 ஊரடங்கில் அவன்தான் என் பழைய லேப்டாப்பில் இதை ஏற்றிக் கொடுத்தான். திறந்தால் கறுப்புத் திரையில் புள்ளி, காற்புள்ளி, ஆங்கில எழுத்து. "ஏன்டா, கெட்டுப்போச்சா?" என்றேன். "இல்ல அத்தை, அதுதான் புல்லு. அந்தச் சிரிச்ச மூஞ்சிதான் குள்ளன்" என்றான்.

அந்தச் சிரித்த மூஞ்சிகளோடு ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது.

முதலில், இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்று அமெரிக்காவில் இரண்டு சகோதரர்கள். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் பே 12 கேம்ஸ். 2002இல் இதை எழுத ஆரம்பித்து, 2006 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார்கள். டார்ன் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு இதிலேயே உட்கார்ந்துவிட்டார். நிரல் எழுதுவது டார்ன். கதையும் யோசனையும் ஜாக் பக்கம். புதிதாகத் தொடங்கும்போது விளையாட்டு உங்களுக்காக ஓர் உலகத்தையே உண்டாக்கும். மலை எழும்பும், மழை பெய்யும், ஆறு ஓடும், நாடுகள் தோன்றும், சண்டை வரும், ராஜா சாவார், அவர் பெண் பட்டத்துக்கு வருவாள். நூறு வருடச் சரித்திரம் இப்படி ஓடி முடிந்த பிறகு அதன் ஒரு மூலையில் ஏழு குள்ளர்கள், ஒரு வண்டி, கொஞ்சம் சாமான். அங்கிருந்து நம் பொறுப்பு. ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. கோட்டை எவ்வளவு நாள் நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதுதான் விளையாட்டே. தோற்பதுதான் வேடிக்கை என்று விளையாட்டே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. அதனால் இதை ஆடுகிறவர்கள் நடுவில் "நேற்று ரொம்ப வேடிக்கையாகிவிட்டது" என்றால் எல்லோரும் செத்துப்போனார்கள் என்று அர்த்தம்.

சரி, எப்படி ஆடுவது.

எதை இறக்குவது

இரண்டு வடிவம் இருக்கிறது. கிளாசிக் என்ற இலவச வடிவம் பே 12 தளத்தில் கிடைக்கும். ஸ்டீம், இட்ச் என்ற இணைய விளையாட்டுக் கடைகளில் விலைக்குக் கிடைப்பது படங்களும் இசையும் சேர்ந்தது. 2022 டிசம்பர் 6ஆம் தேதி வெளியானது. அமெரிக்க விலை 29.99 டாலர். உள்ளே இருக்கும் உலகம் இரண்டிலும் ஒன்றுதான்.

நேராக ஸ்டீமில் வாங்கிவிடாதீர்கள் என்பேன். காரணம் கணக்கு சம்பந்தப்பட்டது. ஸ்டீமில் பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். இந்த விளையாட்டில் 2 மணி நேரம் என்பது கதவு எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கே சரியாகப் போய்விடும். பிடிக்கிறதா இல்லையா என்று அதற்குள் தெரியாது. இலவச வடிவத்தை இறக்குங்கள். ஒரு கோட்டையையாவது தோற்றுப் பாருங்கள். தோற்ற பிறகு இன்னொன்று கட்டத் தோன்றினால் வாங்கலாம். கோபம் வந்தால் காசு மிச்சம்.

ஒரு விதிவிலக்கு, நாற்பதைத் தாண்டிய கண்கள். எழுத்துத் திரையை ஒரு வருடம் பார்த்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அப்படியானால் படம் உள்ளதை வாங்குவதில் தவறில்லை. லேப்டாப் புதிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றியும் கவலை வேண்டாம். ப்ராசஸர்தான் திணறும், அதுவும் கோட்டையில் ஆள் பெருகிய பிறகு. அதனால் உலகத்தைச் சின்னதாக, நூறு வருடச் சரித்திரத்தோடு உண்டாக்குங்கள். ஆயிரம் வருடச் சரித்திரம் என்று ஆசைப்பட்டால் அது ஓடி முடிவதற்குள் சோறு வடித்துவிடலாம்.

இன்னொன்று, எல்லாம் ஆங்கிலம். அகராதி பார்க்க வேண்டிவரும். கல் வகை மட்டுமே எக்கச்சக்கமாக இருக்கும், அதற்காகப் பயப்படாதீர்கள். எந்தக் கல்லானாலும் குவளை செய்யலாம்.

முதல் வருடம்

உள்ளே வழிகாட்டும் பாடம் ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை முழுதாக ஆடிவிடுங்கள், அடிப்படைகளை அது சொல்லித்தரும். அது சொல்லாததை நான் சொல்கிறேன்.

இடம் பார்க்கும்போது மரம், ஆறு, மண், மலைச்சரிவு நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். தீய நிலம் என்று காட்டும் இடங்களைத் தொடாதீர்கள், அங்கே செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள். நிலத்தடி நீர் இருக்கிறது என்று எச்சரித்தால், லேசானது என்றால் சமாளிக்கலாம், கனத்தது என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

இறங்கியதும் ஸ்பேஸ் கட்டையைத் தட்டி நிறுத்திவிடுங்கள். உத்தரவு கொடுப்பதெல்லாம் நிறுத்தி வைத்தே கொடுக்கலாம். என் ஆட்டத்தில் பாதி நேரம் உலகம் உறைந்துதான் நிற்கிறது. அப்புறம் இது மாடி மாடியாக இருக்கும் உலகம். நீங்கள் பார்ப்பது ஒரு தளத்தை மட்டும்தான். ஸ்டீம் வடிவத்தில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் மேலேயும் கீழேயும் போகலாம். "என் குள்ளனைக் காணோம்" என்று முதல் வாரத்தில் நான் தேடியபோதெல்லாம் அவன் ஒரு தளம் கீழே நின்றுகொண்டிருந்தான்.

மலைச்சரிவில் மூன்று கட்டம் அகலத்துக்கு வாசல் தோண்டுங்கள். ஏன் மூன்று? வியாபார வண்டி உள்ளே வர மூன்று கட்ட அகலம் வேண்டும். உள்ளே ஒரு பெரிய அறையைக் கிடங்காக்கி, வெளியே வெயிலில் கிடக்கும் சாமானையெல்லாம் அங்கே கொண்டுவரச் செய்யுங்கள். தச்சுப் பட்டறை போட்டு முதலில் கட்டில், பிறகு பீப்பாய். கட்டிலுக்கு மரம்தான் வேண்டும், கல்லில் ஆகாது. ஆளுக்கு ஒரு அறை கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே கூடத்தில் ஏழு கட்டில் போட்டுவிடுங்கள்.

இனி விவசாயம். இதில்தான் என் இரண்டாவது கோட்டை போனது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். குள்ளர்கள் பயிரிடுவது பூமிக்கடியில். மண் தளத்தில் ஓர் அறை தோண்டி, அதில் வயல் போட வேண்டும். கல் தரையில் விளையாது, தண்ணீர் விட்டுச் சேறாக்கினால்தான் உண்டு. விதைப்பது ப்ளம்ப் ஹெல்மெட் என்ற காளான். எல்லாப் பருவத்திலும் விளையும், பச்சையாகவும் தின்னலாம், சாராயமும் வடிக்கலாம். வயலைத் தொட்டால் நான்கு பருவத்துக்கும் தனித்தனியாக என்ன பயிர் என்று கேட்கும். நான் வசந்தத்துக்கு மட்டும் காளானைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முடிந்தது என்று வந்துவிட்டேன். கோடையில் வயல் சும்மா கிடந்தது. இலையுதிர் காலத்திலும் சும்மா. பனிக்காலத்தில் எட்டிப் பார்த்தால் குள்ளர்கள் எலியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய தப்பு சமையலறை. காளானைச் சமைத்தால் விதை போய்விடும். பச்சையாகத் தின்றாலோ வடித்தாலோ விதை திரும்பக் கிடைக்கும். சமையல்காரர் உற்சாகமாக எல்லாக் காளானையும் அருமையான வறுவலாக்கி வைத்தார். மறு வருடம் விதைக்க ஒன்றும் இல்லை. சமையல் பட்டியலைத் திறந்து காளானுக்கு நேரே சமைக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். இதை முதல் நாளே செய்யுங்கள்.

சாராயம் ஆடம்பரம் இல்லை, அவர்களுக்கு அது சம்பளம் மாதிரி. வெறும் தண்ணீரைக் கொடுத்து நீண்ட நாள் வைத்திருந்தால் வேலை மந்தமாகும், மனசு கெடும். ஒரு குள்ளர் ஒரு பருவத்தில் சுமார் 2 தடவை சாப்பிட்டால் சுமார் 4 தடவை குடிப்பார். வருடத்துக்கு நான்கு பருவம். 20 பேர் என்றால் 320 குவளை. ஒரு காளானை வடித்தால் 5 குவளை வரும். ஆக 64 காளான், கூடவே காலிப் பீப்பாய்கள். விளையாட்டில் நான் மனசாரச் சந்தோஷப்பட்டுப் போட்ட முதல் கணக்கு இதுதான். பீப்பாயோ பெரிய பானையோ இல்லாமல் வடிக்க முடியாது என்பதை மறந்து தச்சரை மீன் பிடிக்க அனுப்பியிருந்தேன், அது வேறு விஷயம்.

கோடையில் குடியேறிகள் வருவார்கள். கேட்காமலே வருவார்கள். இலையுதிர் காலத்தில் தாயகத்திலிருந்து வியாபாரிகள் வருவார்கள். அதற்குள் 5-க்கு 5 கட்டத்தில் வியாபார மேடை கட்டி வையுங்கள். விற்க என்ன இருக்கிறது? கல் குவளை. தோண்டும்போது கிடைக்கும் கல் ஒன்றிலிருந்து மூன்று குவளை வரும், ஒரு கைவினைப் பட்டறையும் ஓர் ஆளும் போதும். அதைக் கொடுத்துத் துணியும் மாமிசமும் வாங்கலாம். வசந்தத்தில் எல்ஃப்கள் என்ற காட்டுவாசி இனத்தார் வருவார்கள். அவர்களிடம் மரச்சாமான் நீட்டினால் மரத்தைக் கொன்றுவிட்டாய் என்று கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் அது தெரிந்து கல் குவளைதான் கொடுத்தேன். ஆனால் குவளைகள் இருந்தது மரப்பெட்டியில். போய்விட்டார்கள்.

பாலமும் லீவரும்

இரண்டாம் வருடத்துக்குள் ஒரு தூக்குப் பாலம் வேண்டும். வாசலின் மூன்று கட்ட அகலத்துக்கும் பாலம் போட்டு, எழும்பும் வகையாகத் தேர்ந்தெடுங்கள். உள்ளிழுக்கும் வகை என்றால் கீழே அகழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலம் மறைந்து வெறும் தரைதான் இருக்கும், பகைவன் நடந்து வருவான். எழும்பிய பாலம் சுவர் மாதிரி. கல்லில் மெக்கானிசம் செய்யும் பட்டறை ஒன்று போட்டு மூன்று மெக்கானிசம் (இயந்திரப் பாகம்) செய்துகொள்ளுங்கள்: பாலத்தைத் தூக்க இழுக்கும் லீவருக்கு ஒன்று, லீவரையும் பாலத்தையும் இணைக்க இரண்டு. இணைத்து முடித்ததும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அது வேலை செய்கிறதா என்று, கோட்டையைத் தாக்கும் காப்ளின் என்ற பகை இனம் வரும்போது தெரிந்துகொள்ளக் கூடாது.

என் நான்காவது கோட்டையில் இதையெல்லாம் சரியாகச் செய்திருந்தேன். காப்ளின் கூட்டம் வந்தது. லீவரை இழு என்று உத்தரவு கொடுத்தேன். இந்த விளையாட்டில் உத்தரவு என்பது பலகையில் ஒட்டும் சீட்டு மாதிரி. யாராவது சும்மா இருப்பவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். லீவரை நான் கோட்டையின் அடி ஆழத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு தளம் கீழே வைத்திருந்தேன். சீட்டை எடுத்தது மேல் தளத்தில் சாராயம் குடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர். அவர் குடித்து முடித்தார். எழுந்தார். படியிறங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தளமாக நானும் அவர் கூடவே இறங்கினேன். மேலே சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் கடைசிப் படியில் இருக்கும்போது காப்ளின்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். லீவரை இழுத்தார். பாலம் கம்பீரமாக எழும்பியது, எல்லோரையும் உள்ளே வைத்து.

லீவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் வையுங்கள். எப்போதும் பத்துப் பேர் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி உள்ளே கொண்டுவர ஆசை வரும். கடைசிக் கட்டத்தை வெட்டுவதற்கு முன்னால் மதகு இருக்கிறதா, அது லீவரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டத்தில் தண்ணீர் 1 முதல் 7 அளவு வரை நிற்கும். 7 வந்தால் மூழ்குவார்கள். ஈரக்கல் தெரிகிறது என்று சுரங்கக்காரர் வேலையை நிறுத்தினால் அவர் சோம்பேறி இல்லை. நான் அப்படித்தான் நினைத்தேன், இரண்டு தடவை.

பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனைகள் தாமே ஒரு எஜமானரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், அப்புறம் அதை யாரும் எதுவும் செய்ய முடியாது, பெருகிக்கொண்டே போகும், ப்ராசஸர் அழும். 2015 கடைசியில் மதுக்கூடம் விளையாட்டுக்குள் வந்தபோது கோட்டைகளில் பூனைகள் காரணமில்லாமல் செத்துக் கிடந்தன. டார்ன் துருவிப் பார்த்தால், குள்ளர்கள் தரையில் சாராயம் சிந்துகிறார்கள், பூனை அதில் நடக்கிறது, பிறகு காலை நக்கிச் சுத்தம் செய்கிறது. நிரலில் ஒரு நக்கலுக்கு ஒரு முழுக் குவளை என்று கணக்கு விழுந்திருக்கிறது. பூனைகள் குடித்தே செத்திருக்கின்றன. யாரும் "பூனை குடித்துச் சாகட்டும்" என்று எழுதவில்லை. சிந்துவது, நடப்பது, நக்குவது மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டவை. கூட்டிப் பார்த்ததில் வந்த தொகை இது. இந்த விளையாட்டு ஏன் எனக்குப் பிடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் பூனைக் கதையைத்தான் சொல்வேன்.

வாசிப்பது

அண்ணன் மகன் இதைப் போர் விளையாட்டாக ஆடுகிறான், படை, கவசம், பொறி என்று. நான் வாசிக்கிறேன். ஒரு குள்ளரைத் தொட்டுப் பாருங்கள். அவருக்கு என்ன பிடிக்கும், யார் மேல் வருத்தம், மழையில் நனைந்தது மனதில் இருக்கிறதா, எல்லாம் எழுதியிருக்கும். சுவரை வழுவழுப்பாக்கிச் சிற்பம் செதுக்கச் சொன்னால் சரித்திரத்தில் நடந்ததைச் செதுக்குவார்கள். என் ஒன்பதாவது கோட்டையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சிற்பம்: ஒரு குள்ளச்சி, சுற்றிலும் காப்ளின்கள், அவள் அழுகிறாள். யார் என்று தேடிப் போனேன். எண்பது வருடம் முன்னால் வேறொரு ஊரில் நடந்தது. அவளுடைய பேரன் எங்கள் கோட்டையில் சாராயம் வடித்துக்கொண்டிருந்தான்.

சிப்பி விஷயத்துக்கு வருகிறேன். கோட்டையில் 20 பேருக்கு மேல் ஆனதும் எப்போதாவது ஒருவருக்கு ஓர் ஆவேசம் வரும். திடீரென்று வேலையைப் போட்டுவிட்டு ஒரு பட்டறைக்குள் போய் யாரையும் உள்ளே விடாமல் உட்கார்ந்துகொள்வார். அவர் நினைத்த சாமான் கிடைத்தால் காலத்துக்கும் நிற்கும் ஒரு கலைப்பொருளைச் செய்வார். கிடைக்காவிட்டால் புத்தி பேதலிக்கும். ஏழாவது கோட்டையில் ஓர் எலும்புச் செதுக்குக்காரர் அப்படிப் போய் உட்கார்ந்தார். வாய் திறக்காமல் படம் வரைந்து காட்டினார். சிப்பி. நான் இருந்ததோ பாறையும் புழுதியுமான இடம். ஆறு இல்லை, குளம் இல்லை. வியாபாரிகள் வர இரண்டு மாதம் இருந்தது. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் பட்டறையைப் பார்ப்பேன், அதே படம். வியாபாரி வருவதற்குச் சில நாள் முன்னால் எழுந்து வெளியே வந்தார். யாருடனும் பேசவில்லை, எதுவும் சாப்பிடவில்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள். அதற்குப் பிறகு அந்தக் கோட்டையில் நடந்ததைப் பேரேட்டில் எழுதவில்லை, ஒரு சொல் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு உள்ள இடம் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். ஒரு மீன்காரரையும் மீன் கழுவும் பட்டறையையும் முதல் வருடமே போட்டு வையுங்கள். எலும்பு, தோல், துணி, ரத்தினக்கல், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடங்கில் இருக்கட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் ஒடிந்த குடையைக்கூடப் பரணில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

ஆதரிப்பது

2006 முதல் 2022 வரை, பதினாறு வருடம், இந்தச் சகோதரர்கள் விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஆடுகிறவர்கள் அனுப்பும் நன்கொடையில்தான் வாழ்ந்தார்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கிரேயானில் ஒரு படமோ ஒரு குட்டிக் கதையோ செய்து அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு வந்தது என்று மாதாமாதம் பகிரங்கமாகச் சொல்வார்கள். என் தொழிலில் தாமாகவே வருமானத்தைச் சொல்கிறவர்களைப் பார்ப்பது அபூர்வம், அதனாலேயே எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை. 2012இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்ட முதல் 14 வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று. அப்போதும் நன்கொடைதான் சாப்பாடு.

2019இல் ஸ்டீமுக்குப் போகிறோம் என்று அறிவித்தபோது அவர்கள் சொன்ன காரணம் ஆஸ்பத்திரிச் செலவு. ஜாக்குக்குப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்திருந்தது. அந்த ஊரில் வைத்தியச் செலவு எப்படி என்று தெரியும்தானே. கிட்ஃபாக்ஸ் என்ற மாண்ட்ரியல் நிறுவனம் வெளியிட்டது. அதுவரை ரசிகர்களாக இருந்து இந்த விளையாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர்களையே ஸ்டீம் வடிவத்துக்கும் வரைய வைத்தார்கள். வெளியான மாதத்திலேயே ஏறத்தாழ 5 லட்சம் பிரதி விற்றது. அதற்கு முன் மாதத்துக்குச் சுமார் 15,000 டாலர் என்று வந்துகொண்டிருந்த கணக்கில் 2023 ஜனவரியில் 72 லட்சம் டாலர் என்று எழுதினார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வரிக்கே போகும் என்று டார்ன் எழுதியிருந்ததைப் படித்து, ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். ரசிகராக மாட் (விளையாட்டில் ஆடுகிறவர்களே செய்து சேர்க்கும் மாற்றம்) செய்துகொண்டிருந்த ஒருவரைப் பிறகு வேலைக்கும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகவே அவர்கள் இப்போது பட்டினி இல்லை. "அப்புறம் எதுக்கு நாம கொடுக்கணும்?" என்று அண்ணன் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு விளையாட்டு இருபது வருடத்துக்கு மேல் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வாங்கியவர்களுக்கு இன்னும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது, ஒற்றை ஆளாக உலகத்தில் அலையும் சாகச வடிவம் ஸ்டீம் பதிப்பில் முழுதாகச் சேர்ந்ததே 2025 ஜனவரியில்தான். நான் இரண்டு வருடம் இலவசமாக ஆடியிருந்தேன். அது எனக்குக் கணக்கில் பாக்கி.

எப்படிக் கொடுப்பது என்றால், ஸ்டீமில் வாங்குவது நமக்குச் சுலபம். யுபிஐயிலேயே கட்டலாம். கடைக்காரர் பங்கு போக மீதிதான் வெளியிட்டவருக்கும் எழுதியவருக்கும் போகும். இட்ச்சில் வாங்கினால் கடைக்காரர் பங்கு பொதுவாகக் குறைவு, ஆனால் ஸ்டீமில் இருக்கும் மாட் கிடங்கு அங்கே இல்லை. நேராக பே 12 தளத்தில் நன்கொடையும் கொடுக்கலாம். 2021இல் நான் பத்து டாலர் அனுப்பப் பார்த்தேன். வங்கி கார்டு மறுத்துவிட்டது. வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருக்கிறது என்று வாடிக்கையாளர் சேவையில் தெரிந்துகொள்ள நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வரம்பைச் சிறியதாக வைத்து, கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். பத்து டாலர் போய்ச் சேர்ந்தது.

காசில்லாதவர்களும் செய்யக்கூடியது நிறைய. முதலில் பிழை சொல்வது. "விளையாட்டு நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. எந்தப் பதிப்பு, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மறுபடி செய்தால் மறுபடி நடக்கிறதா, இந்த மூன்றும் வேண்டும். முடிந்தால் சேமித்த உலகத்தைச் சுருக்கிக் கூடவே கொடுங்கள். ஏற்கெனவே யாராவது சொல்லிவிட்டார்களா என்று தேடிவிட்டு எழுதுவது மரியாதை. பூனைகள் சாகின்றன என்று யாரோ பொறுமையாகச் சொன்னதால்தான் அந்தப் பிழை வெளியே வந்தது.

அடுத்தது விக்கி. இந்த விளையாட்டுக்கு ஆடுகிறவர்களே எழுதிய பெரிய விக்கி இருக்கிறது, அது இல்லாமல் யாரும் ஆட முடியாது. பழைய பதிப்பைப் பற்றிய தகவல் பல பக்கங்களில் கிடக்கும். நீங்கள் நேரில் பார்த்த ஒன்றைத் திருத்தினாலே போதும். நான் திருத்தியது ஒரே ஒரு வரி, வயல் பருவத்தைப் பற்றியது.

அப்புறம் கதை சொல்வது. இந்த விளையாட்டு விளம்பரத்தால் பரவவில்லை, "என் கோட்டை எப்படிப் போச்சு தெரியுமா" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லித்தான் பரவியது. அதனால் பேரேடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோட்டை விழுந்ததும் அந்த உலகத்தை அழித்துவிடாதீர்கள். அதே உலகத்தில் பக்கத்தில் இன்னொரு கோட்டை கட்டலாம். பழைய கோட்டையில் நடந்தது இப்போது சரித்திரம். அந்தக் கிழவரும் லீவரும் ஏதாவது ஒரு சுவரில் சிற்பமாக வரக்கூடும். எனக்கு இன்னும் வரவில்லை, ஒவ்வொரு சுவரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது நடப்பது பதினோராவது கோட்டை. ஆற்றங்கரை. லீவர் சாப்பாட்டுக் கூடத்தில், சமையலறையில் காளானுக்கு அனுமதி இல்லை, வயலில் நான்கு பருவத்துக்கும் பயிர் குறித்தாகிவிட்டது. மீன்காரர்கள் மூன்று பேர். கிடங்கில் சிப்பி மட்டும் 43 இருக்கிறது. நேற்று ராத்திரி சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு குள்ளச்சி பட்டறைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டிருக்கிறாள். படம் வரைந்து காட்டினாள். எலும்புக்கூடு. ஆடுமாடு எதையும் அறுக்காமல் இத்தனை நாள் மீனையே தின்று ஓட்டிவிட்டோம், கிடங்கில் ஓர் எலும்பு இல்லை. மேலே புல்வெளியில் இரண்டு எருமையும் ஒரு கழுதையும் மேய்கின்றன. ஸ்பேஸைத் தட்டி நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.